எழிலுக்கு மூன்று லோக்கல் ஆட்கள்

நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் பெயர் சம்பந்தம், நான் செம்பாக்கத்தில் குடியிருக்கிறேன் என்பதையே ஒரு பள்ளிக்கூடம் நம்ப மறுத்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு ரோஷம் கிடையாது.

என் வீட்டு மாடியில் சுகுமார் குடியிருக்கிறார். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மனைவி ஜீவிதாவுக்கு சானடோரியம் பக்கம் மெப்ஸ் என்ற ஏற்றுமதி வளாகத்துக்குள் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு இடத்திலும் வாசலிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். காலையில் கிளம்பினால் மாலை வரை இரண்டு பேரும் நிலவில் இருக்கிற மாதிரிதான். நிலவுக்காவது சிக்னல் போகிறது என்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரே பெண், எழில். யூகேஜி. அவளுக்கு ஜுரம் வந்தால் விறுவிறுவென்று ஏறும். போன வருஷம் ஒருமுறை வலிப்பே வந்துவிட்டது. "உடம்பு சுடற மாதிரி தெரிஞ்சா உடனே வீட்டுக்குக் கொண்டுவந்து மருந்தைக் கொடுத்துடுங்க, லேட் பண்ணாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அந்தப் பிள்ளைக்கு, அவசரம் என்றால் ஓடி வர உள்ளூரில் ஆள் வேண்டும். பள்ளிக்கூடமும் அதையேதான் கேட்டது. பெற்றவர்களும் பள்ளிக்கூடமும் கேட்டது ஒரே விஷயம் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போகப் போக மறந்துவிடும்.

பள்ளிக்கூடத்தின் பெயர் செயின்ட் நியூட்டன் வித்யா மந்திர் இன்டர்நேஷனல் ஸ்கூல். எந்த மதத்தாரும் எந்த நாட்டாரும் மனம் கோணாமல் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று யோசித்து வைத்த பெயர். என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அதன் கொடிக்கம்பம் தெரியும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து ஆப்பில் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று லோக்கல் எமர்ஜென்சி கான்டாக்ட் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். கொடுக்காத பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்கலாம்.

சுகுமார் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். அவருடைய சொந்தபந்தம் முழுக்கப் பல்லாவரத்தில் இருக்கிறது. அம்மா, அண்ணன், சித்தப்பா என்று பெயர்களை எழுதிக்கொண்டு, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். அங்கே சேஃப்டி கோஆர்டினேட்டர் என்ற பலகைக்குப் பின்னால் தீபா மேடம் உட்கார்ந்திருந்தார். பெயர்களைப் படித்துவிட்டு வருத்தமாகத் தலையாட்டினார்.

"சார், இவங்க எல்லாம் அவுட்ஸ்டேஷன்."

"மேடம், பல்லாவரம் மேடம். பஸ்ல ஏறினா..."

"ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போனா எங்க பாலிசில அவுட்ஸ்டேஷன் சார். பல்லாவரமும் பாஸ்டனும் எங்களுக்கு ஒண்ணுதான்."

"எங்கம்மா மேடம் அவங்க. போன் பண்ணா ஓடி வந்துடுவாங்க."

"அம்மாங்கறது ரிலேஷன்ஷிப் சார். நான் கேக்கறது டிஸ்டன்ஸ்."

பிறகு தகுதிகளைச் சொன்னார். கான்டாக்டாக இருப்பவர் பகலில் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் வேலை வெட்டி இல்லாதவராக இருக்கக் கூடாது, அப்படிப்பட்டவர்களை நம்பிக் குழந்தையை ஒப்படைக்க முடியாது. ரிடையர் ஆனவராக இருந்தால் நல்லது. ஆனால் அறுபது வயதுக்குள் இருக்க வேண்டும்.

"அறுபதுக்குள்ள ரிடையர் ஆனவங்க யாரு மேடம் இருப்பாங்க?" என்று சுகுமார் கேட்டார். குரல் லேசாக உடைந்திருந்தது.

"அது பேரன்ட்ஸ் எஃபர்ட் சார்" என்றார் தீபா மேடம்.

நான் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அறுபதைத் தாண்டி வெகு காலம் ஆயிற்று. வீட்டுக்காரன் என்ற முறையில் நானே ஒரு ஆளாக இருக்கிறேன் என்றேன். வயதுக்கு விதிவிலக்கு வேண்டுமானால் மைதானத்தைச் சுற்றி ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கை தட்டினார்கள். பி.டி. மாஸ்டர் விசிலை ஊதி நிறுத்தி, என் பெயருக்கு எதிரே 'முயற்சி உண்டு' என்று எழுதினார்.

அத்தோடு முடியவில்லை. என் வீட்டு முகவரியை ஆப்பில் போட்டுப் பார்த்த தீபா மேடம் முகத்தைச் சுருக்கினார்.

"சார், நீங்க ஏரியில இருக்கீங்க."

"இல்லம்மா, உன் எதிர்ல நாற்காலியில இருக்கேன்."

"பாடி இங்க இருக்கு சார். லொகேஷன் ஏரியில இருக்கு."

எட்டிப் பார்த்தேன். செம்பாக்கம் ஏரி நீலமாக விரிந்து கிடக்க, அதன் நடுவில் சிவப்புப் புள்ளியாக என் வீடு மிதந்துகொண்டிருந்தது. பட்டா இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறேன் என்றேன். மழைக்காலத்தில் ஏரியும் தன் பங்குக்கு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் என் வீட்டுத் தரையில் நின்று, காய்ந்த பாதங்களைப் படமெடுத்து அனுப்பினேன். என் பெயருக்கு எதிரே 'ஏரிவாசி, தற்காலிக அனுமதி' என்று விழுந்தது.

இரண்டாவது ஆளுக்காக எதிர்வீட்டு ஷ்யாம்சுந்தரைப் பார்த்தோம். அவர் ராத்திரியெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர். கதவை ஒரு சாண் திறந்து, அதற்குள்ளாக முகத்தை வைத்துப் பேசினார்.

"தாராளமா என் பேரு போட்டுக்கோங்க ப்ரோ. போன் மட்டும் பண்ணச் சொல்லாதீங்க."

சுகுமார் கண் கலங்கி நன்றி சொன்னார். அந்த நிலைமைக்கு வந்துவிட்டிருந்தார்.

மூன்றாவது ஆள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியம்மா. எழிலின் சீருடையைத் தேய்த்துக் கொடுப்பவர். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கொயந்தய இட்டாறதுக்கு ஆதாரு, போட்டோ, ரத்த குரூப்பு... இன்னா சார் இது? என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ கேக்கல."

"கொஞ்சம் தயவு பண்ணுங்கக்கா" என்றார் சுகுமார்.

"தயவு இன்னா தயவு, நம்ம பாப்பா. போனு எப்பவும் இடுப்புல தான் கீது. கூப்ட்டா வந்துனே இருப்பேன். எவன் சட்டயாச்சும் தீஞ்சா நீ பாத்துக்க."

தீபா மேடம் நேரில் வந்து பார்த்துவிட்டு, வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே, சக்கரத்தின் மேல் இருப்பவரை லோக்கல் என்று எப்படிச் சொல்வது என்று சந்தேகப்பட்டார். மறுநாள் கன்னியம்மா நாலு சக்கரத்தையும் கழற்றி வண்டியைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டார். சக்கரங்கள் இன்றைக்கும் என் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

இப்படியாக மூன்று ஆட்கள் சேர்ந்தார்கள். எங்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா வைத்த அட்டை கொடுத்து, ஒரு சனிக்கிழமை ஓரியண்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஷ்யாம்சுந்தர் வந்தார், கடைசி வரிசையில் சாய்ந்தார், குறட்டை விட்டார். கரெஸ்பாண்டன்ட் ஹரிபிரசாத் மைக்கைப் பிடித்தார். அவருடைய அப்பா காலத்தில் அந்த இடத்தில் கத்தரிக்காய் விளைந்தது. நல்ல காய் என்று பெயர்.

"அந்தக் காலத்துல பசங்க ஸ்கூலுக்குத் தானா நடந்து வந்தாங்க, தானா நடந்து போனாங்க. எந்த ப்ரோட்டோகாலும் கிடையாது. வயல்ல விழுந்தா, பக்கத்துல நிக்கற யாரோ ஒருத்தர் தூக்கிட்டுப் போய் வீட்ல விடுவாங்க. யாருன்னே தெரியாத ஆளு! இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு உடம்பு நடுங்குது." மண்டபம் நடுங்கியது. ஏசி அப்படி. "ஆனா நம்ம ஸ்கூல்ல, எமர்ஜென்சியில ஒரு குழந்தையைக் கூட தப்பான ஆள்கிட்ட குடுத்ததா ஹிஸ்டரியே கிடையாது. ஏன்னா எமர்ஜென்சியில நாங்க இதுவரைக்கும் யார்கிட்டயுமே குடுத்ததில்ல."

பலமாகக் கை தட்டினோம். சுகுமாரும் தட்டினார். பாதியில் என்னவோ தோன்றி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொடர்ந்து தட்டினேன். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டும்போது நிறுத்துவது அழகல்ல.

அடுத்து ஒத்திகை. அசல் குழந்தையை வைத்துப் பழகினால் அதன் படிப்பு கெடும் என்று ஒரு அரிசி மூட்டையைத் தயார் செய்திருந்தார்கள். மூட்டைக்குச் சட்டை, டை, பெல்ட் எல்லாம் உண்டு. எந்தக் குழந்தையின் ஆட்களுக்கு ஒத்திகையோ அந்தக் குழந்தையின் ஐடி கார்டு நகலை மூட்டையின் கழுத்தில் மாட்டுவார்கள். போன் வந்ததும் ஓடிப்போய், அட்டையைக் காட்டி, மூட்டையை வாங்கி, கேட் வரை சுமந்து போய்த் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

முதல் ஒத்திகையில் நான் தோற்றேன். தற்செயலாகப் பால் வாங்க அந்தப் பக்கம் போனபோது போன் வந்தது. ஒரே நிமிஷத்தில் போய் நின்றேன். இவ்வளவு சீக்கிரம் வருவது சந்தேகத்துக்கு இடமானது என்றார்கள். அடுத்த முறை கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, மூச்சு வாங்குவதற்குப் பழகிக்கொண்டு உள்ளே போனேன். பாஸ்.

ஒன்று சொல்ல வேண்டும். மூட்டையின் விஷயத்தில் அவர்களுடைய நிர்வாகம் அபாரம். அட்டையைக் காட்டினால் உடனே கைக்கு வந்துவிடும். மூட்டை அழாது, அம்மா வேண்டும் என்று கேட்காது. தீபா மேடத்துக்கு அதன் மேல் தனிப் பிரியம். கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி அதன் மூலையை லேசாகத் தட்டுவார்.

பிறகு அந்த நாள் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன். "எழில் தாத்தாவா? பாப்பாவுக்கு டெம்பரேச்சர் சார்." கை கழுவாமலே ஓடினேன். தெருமுனையில் கன்னியம்மாவும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒன்றாகப் போய் அட்டையை நீட்டினோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிக் ரூமில் எழில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, கண் பாதி மூடி. எங்களைப் பார்த்ததும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்பப் போகிறோம் என்று.

"கொடுங்கம்மா, தூக்கிட்டுப் போறோம்" என்றேன்.

"சார், இது ட்ரில் இல்ல" என்றார் தீபா மேடம். "ட்ரில்லுக்கு ஒருத்தர் போதும். ரியலுக்கு மூணு பேரும் வரணும்."

"மூணு பேர் கேட்டது ஒருத்தர் இல்லன்னா இன்னொருத்தர்னு இல்லையா?"

"மூணு பேரும் வந்து, இவரு அவருதான்னு ஒருத்தர ஒருத்தர் அடையாளம் சொன்னாத்தானே சார் சேஃப்டி?"

கன்னியம்மா கண்ணாடியில் கையை வைத்தார். "யம்மா, கொயந்த வாடிக் கீதும்மா. கொள்ளிக்கட்டயாட்டம் சுடும் இன்னேரம். அப்பால வந்து எத்தினி பேர வேணா காட்டறேன், இப்ப உடும்மா."

"எனக்கும் மனசு இருக்குக்கா. ஆப்ல அதுக்கு ஆப்ஷன் இல்ல."

சிக் ரூம் ஆயா தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்ல, தீபா மேடம் அதை ஆப்பில் ஏற்றினார். 'உங்கள் குழந்தையின் வெப்பநிலை உயர்ந்துள்ளது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று அந்தச் செய்தி உடனுக்குடன் சுகுமாரின் லாக்கருக்கும் ஜீவிதாவின் லாக்கருக்கும் போய்ச் சேர்ந்தது.

கன்னியம்மா எதிர்வீட்டுக்கு ஓடினார். நான் சுகுமாரின் கம்பெனி வாசல் செக்யூரிட்டிக்கு லேண்ட்லைனில் போன் போட்டுக் கெஞ்சினேன். அவர் நல்லவர், சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதற்குள் கன்னியம்மா ஷ்யாம்சுந்தரைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எப்படித் தூக்கத்திலேயே நடக்கவைத்தார் என்று நான் கேட்கவில்லை. முகம் காட்டும் மெஷினின் முன்னால் அவரை நிறுத்தினோம். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவில் இருக்கிறவருக்குக் கண் திறந்திருக்கிறது.

"முழிச்சிக்கோய்யா!" என்று கன்னியம்மா அவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். அவர் முழித்தார். மெஷின் அதையும் ஏற்கவில்லை. போட்டோவில் இருக்கிறவர் நனைந்திருக்கவில்லை.

எழில் பையின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். இந்த வயதில் ஒரு கண்ணாடியை உடைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்தேன். அதற்கும் பி.டி. மாஸ்டர் 'முயற்சி உண்டு' என்றுதான் எழுதுவார்.

சுகுமார் ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் எப்படி வந்தாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். பெற்ற தகப்பனே வந்துவிட்டார்.

"மேடம், என் பொண்ண குடுங்க."

தீபா மேடம் திரையைப் பார்த்தார். "சார், நீங்க அன்ரீச்சபிள்."

"என்னது?"

"போன் பண்ணோம், எடுக்கல. சிஸ்டம் உங்கள அன்ரீச்சபிள்னு மார்க் பண்ணிடுச்சு. அன்ரீச்சபிள் பேரன்ட்கிட்ட குழந்தைய குடுக்கறது ரிஸ்க் சார்."

"நான் உங்க எதிர்ல நிக்கறேன் மேடம்!"

"அது எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியணுமே. நாளைக்குக் காலைல ரீசெட் ஆகும்."

சுகுமார் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பிறகு, ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டார்: "வேற என்ன வழி இருக்கு மேடம்?"

சத்தம் கேட்டுக் கரெஸ்பாண்டன்ட் ஹரிபிரசாத்தே வந்தார். சுகுமாரின் தோளில் கை வைத்தார். "உங்க கஷ்டம் புரியுது. நம்ம ஸ்டூடன்ட்டா இருக்கற வரைக்கும் குழந்தை எங்க பொறுப்பு, விட முடியாது. ஸ்டூடன்ட் இல்லன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. டி.சி. வாங்கிக்கறீங்களா? அது மட்டும் நம்ம ஸ்கூல்ல இன்ஸ்டன்ட்."

சுகுமார் என்னைப் பார்த்தார். நான் எழிலைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

அச்சிட்ட தாள் சூடாக வெளியே வருவதற்குள் காவலாளி சிக் ரூம் கதவைத் திறந்துவிட்டார். "யாரு பாப்பா இது? வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாது. சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க சார்" என்று விரட்டினார். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வீட்டில் மருந்து கொடுத்து, ஈரத்துணி போட்டு, மூன்று எமர்ஜென்சி கான்டாக்டும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஷ்யாம்சுந்தர் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஜீவிதா வந்து சேரும்போது உடம்பு வேர்த்து ஜுரம் இறங்கியிருந்தது. வலிப்பு வரவில்லை. கன்னியம்மாவின் வண்டியில் யாரோ ஒருவருடைய பேன்ட் மட்டும் முழங்காலில் ஓட்டையாகிவிட்டது.

இப்போது எழிலுக்கு வேறு பள்ளிக்கூடம் தேடுகிறார்கள். போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி அதே. ஓரிடத்தில் நாலு பேர் கேட்கிறார்கள், ஒருவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமாம். என் முகவரியைப் பார்த்தபின் சேர்த்த நிபந்தனையாக இருக்கலாம்.

நான்கு நாள் முன்பு எனக்குப் போன் வந்தது. செயின்ட் நியூட்டனிலிருந்து. எழிலுக்காக ஒத்திகை, உடனே வரவும். "அவதான் உங்க ஸ்கூல்லயே இல்லையேம்மா" என்றேன். ஸ்டூடன்ட்டை எடுத்துவிட்டார்களாம், கான்டாக்டை எடுக்கிற வசதி ஆப்பில் இல்லையாம். போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. போனேன். கழுத்தில் எழிலின் ஐடி கார்டோடு மூட்டை தயாராக இருந்தது. இந்த முறை புதிய விதி, வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுமந்துகொண்டு வந்தேன்.

வாசலில் எழில் நின்றிருந்தாள். மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு தாத்தா இது?"

"நீதான்டா கண்ணு. பத்திரமா கூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, மூட்டையின் டையை நேராக்கினாள். பிறகு அதற்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

மாலையில் தீபா மேடம் போன் செய்தார். "சார், மூட்டைய ரிட்டர்ன் பண்ணணும். ப்யூன அனுப்பட்டுமா?"

"எந்த ஊரும்மா ப்யூனு?"

"கூடுவாஞ்சேரி சார்."

"அவுட்ஸ்டேஷனாச்சே. பிள்ளை பேருல இருக்கற மூட்டை, தெரியாத ஆள்கிட்ட எப்படிக் குடுக்கறது? லோக்கலா மூணு பேர அனுப்பும்மா."

தீபா மேடம் முதல்முறையாக, சுகுமாரின் அந்த உடைந்த குரலில் பேசினார்.

"மூணு பேருக்கு நாங்க எங்க சார் போவோம்? ஸ்டாஃப் யாருமே இங்க பக்கத்துல இல்ல. நானே வண்டலூர்ல இருந்து வரேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்ய? மூட்டை கூடத்து நாற்காலியில் டை கட்டி உட்கார்ந்திருந்தது.

"அது ஸ்கூல் எஃபர்ட்மா" என்றேன்.